வாளி கழுவிய இடம்

நேற்று சாயங்காலம் சுண்ணாம்பு வாளியைத் தகட்டுக்கு மேலே வைத்துக் கழுவினோமா, கீழே வைத்துக் கழுவினோமா என்பதுதான் இளஞ்சியத்துக்கு ஞாபகம் வரவில்லை. வாளி ஞாபகம் இருக்கிறது. பச்சை பெயின்ட் வாளி, கைப்பிடி போய்க் கட்டுக்கம்பி கோத்தது. அந்தக் கம்பி உள்ளங்கையை அறுத்தது ஞாபகம் இருக்கிறது. இடுப்பில் மகள் தன்ஷிகா இருந்தாள், மூக்குச்சளியை அம்மாவின் தோளில் தேய்த்துக்கொண்டு அங்கன்வாடிப் பாட்டை நடுவில் தொடங்கி நடுவிலேயே முடித்துக்கொண்டிருந்தாள், அது இப்போதும் காதில் கேட்கிறது. வாளி எந்தப் பக்கம் இருந்தது என்கிற அந்த ஒரு துண்டு மட்டும் ஈரத்துணி போட்டுத் துடைத்த மாதிரி அழிந்துபோயிருந்தது. கையில் தென்னந்துடைப்பத்தோடு தொட்டி ஓரத்தில் நின்று அவள் தண்ணீரையே பார்த்தாள். பெரிய தொட்டி இல்லை, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டியைவிடக் கொஞ்சம் நீளம். நரிப்பாறை அணை மண்ணால் போட்டது, ரெண்டு மலைக்கும் நடுவில் படுத்துக்கிடக்கிற கரை. மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவையெல்லாம் கரையடியில் ஒரு சின்ன வாய்க்கால் பொறுக்கிக்கொண்டு வந்து இந்தத் தொட்டியில் விடும். தொட்டியின் நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் தகடு, அதன் உச்சியில் அடையாளத்துக்கு அறுத்த ஆட்டுக்காது மாதிரி ஒரு வெட்டு. அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் வழிகிறது என்று அணையைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் தினமும் வந்து அளந்துவிட்டுப் போவார். தகட்டுக்கு மேலே இருப்பது தொட்டித் தண்ணீர். கீழே விழுந்தது ஓடைக்குப் போகிற தண்ணீர். மேலே கழுவியிருந்தால் சுண்ணாம்பு தொட்டியில் தங்கியிருக்கும். கீழே கழுவியிருந்தால் நேற்றே ஓடையோடு போயிருக்கும், திரும்பி ஏறி வர அதுக்குக் கால் இல்லை. தொட்டித் தண்ணீர் இன்றைக்கு அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது.

போன வருஷம் புதிதாக வந்த இன்ஜினியர் ஜெனிபர் மேடம், புல் வெட்ட வந்த பொம்பளைகளை இதே இடத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். தண்ணி கூட வந்தாலும் குறைய வந்தாலும் அது என் பாடு, ஆனா கலங்கி வந்தா மட்டும் எந்நேரமானாலும் எனக்குச் சொல்லிரணும். ஏன் மேடம் என்று பஞ்சவர்ணம் மதினி கேட்டதுக்கு, தெளிஞ்சு வந்தா வெறும் தண்ணி வருது, கலங்கி வந்தா கரையே வருதுன்னு அர்த்தம் என்றாள். அன்றைக்கு எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிரித்தார்கள். கரையே வருது. உள்ளேயிருந்து மண்ணைக் கரைத்துக் கரைத்து, எலி வளை பறிக்கிற மாதிரி ஒரு பாதை. வெளியே பார்த்தால் புல்லு, வெள்ளையடித்த கல்லு, உள்ளே பொக்கை. இளஞ்சியம் திரும்பிப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். ஓடை போகிற வாக்கில் கீழப்பட்டி, முதல் தெருவில் அங்கன்வாடி, அதன் மொட்டைமாடியில் நீலக்கலர் சின்டெக்ஸ். காலையில் தன்ஷிகாவை விட்டுவிட்டு வரும்போது பிள்ளை அழவில்லை, அது வேறு இப்போது உறுத்துகிறது, என்றைக்கும் அழுகிற பிள்ளை இன்றைக்கு ஏன் அழவில்லை. சே, என்ன கழுதை நினைப்பு. டாட்டா காட்டிவிட்டுப் போனது நல்லதுதானே. நாலு நாளாகச் சளி, இன்றைக்குத்தான் முகம் தெளிந்திருக்கிறது, தெளிந்திருக்கிறது, தெளிந்த தண்ணி, கலங்கின தண்ணி, எதைத் தொட்டாலும் அங்கேயே போய் நிற்கிறது. மேலே அணை நிறையக் கிடக்கிறது. இங்கேயிருந்து பார்த்தால் அது தெரியாது. இங்கேயிருந்து கரையின் முதுகும் வானமும்தான். அந்த முதுகின் மேல் மூன்று ஜீப்பு எறும்பு மாதிரி ஊர்ந்து நிற்கிறது. மழைக்கு முந்தின ஆய்வு, மதுரையிலிருந்து பெரிய அதிகாரியெல்லாம் வந்திருக்கிறார்கள், ஜெனிபர் மேடமும் அவர்களோடுதான். ஒவ்வொரு இடமாக நின்று பார்த்துக் கடைசியில் படி இறங்கி இங்கே வருவார்கள். வருவதற்குள் ஞாபகம் வந்துவிட வேண்டும்.

அதிகாரி வருகிறார் என்றால் அணையில் நிற்கிறது எல்லாத்துக்கும் சுண்ணாம்புதான், அது எப்போதும் உள்ள பழக்கம். படிக்கட்டு, அளவுகோல் தூண், கைப்பிடிச்சுவர், வேப்பமரத்து அடி. அசையாம நிக்காதடி, மேஸ்திரி நமக்கும் ஒரு கோட்டிங் குடுத்துருவாரு என்று பஞ்சவர்ணம் மதினி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நேற்றெல்லாம் அந்தச் சிரிப்பாணிதான். தொட்டிச் சுவருக்கும் அடித்தார்கள், கடைசியாக. அடித்து முடித்துத்தானே வாளி கழுவியது. அப்படியென்றால் தொட்டி பக்கத்தில், அதாவது மேலே. இல்லை, தொட்டிச் சுவர் ஈரமாக இருக்கும்போது அதில் சாய்ந்து கழுவினால் சேலை பாழாகும், அதனால் கீழே இறங்கிப் போயிருப்போம். சேலையில் சுண்ணாம்பு இருந்ததா? வீட்டுக்குப் போய் அவிழ்த்துப் போட்டது எந்தச் சேலை, இரவு அந்த மனுசன் லோடு இறக்கிவிட்டு வந்து தோசை கேட்டாரே, அப்போது கட்டியிருந்தது நைட்டி. சேலை ஊறப்போட்டுக் கிடக்கிறது, ஊறினதில் என்ன தெரியும். இளஞ்சியம் குனிந்து தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினாள். சுண்ணாம்பு என்றால் வழவழக்கும், புண்ணில் பட்டால் எரியும். எரிந்தது. ஆனால் மூன்று நாள் சுண்ணாம்பில் கிடந்த கை இது, விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, காலையில் சோற்றைப் பிசைந்தபோதும் எரிந்தது, சோப்புப் போட்டாலும் எரிகிறது, இந்தக் கையை நம்பி என்ன சொல்வது. பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். சுண்ணாம்பின் காரம் இல்லை. மண் ருசி. தன்ஷிகா வயிற்றில் இருந்தபோது இந்த ருசிக்குத்தான் அலைந்தாள், புது மழை விழுந்த சுவரைப் போய் மோந்து நிற்பாள், ஒருநாள் அடுப்பு மண்ணைப் பெயர்த்துத் தின்று மாமியாரிடம் மாட்டிக்கொண்டாள். என்னடி, வீட்டையே தின்னுருவ போல என்று அந்தம்மா சொன்னது. அதிலிருந்து நாக்கு எதிலும் மண்ணைக் கண்டுபிடிக்கும், பானைத் தண்ணீரில் கண்டுபிடிக்கும், தட்டைப்பயறில் கண்டுபிடிக்கும். மண் ருசி இருந்தால் மண் இருக்கிறது என்றா அர்த்தம், இவளுக்கு ஆசை இருக்கிறது என்று அர்த்தமாக இருந்தால்? துப்பினாள். துப்பியது தொட்டியிலேயே விழுந்தது. கையும் ஆகாது, நாக்கும் ஆகாது, மிச்சம் இருப்பது மண்டை, அதுவும் நேற்று சாயங்காலத்தை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறது.

சொல்லிவிட்டால் என்ன. கலங்கியிருக்கு மேடம், அவ்வளவுதானே, நாலு வார்த்தைகூட இல்லை. ஆனால் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை ஏற்கெனவே ஒரு தடவை வந்து, ஊருக்கே தீபாவளி ஆகிப்போனது. போன மழைக்குப் புல் வெட்டுகிறபோது கரைச் சரிவில் ஓர் ஓட்டையிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. இவள் கத்தின கத்தலில் கீழத்தெருவே சாமான் செட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஓடியது. ஒரு கிழவர் விழுந்து முட்டி பெயர்ந்தது. யாரோ அடுப்பில் வைத்த கறி தீய்ந்து போனதைச் சண்டைக்கு வந்தே சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் நண்டு வளை. மேலே தேங்கின மழைத்தண்ணி ஒரு வாயில் இறங்கி இன்னொரு வாயில் வந்திருக்கிறது, இன்ஜினியர்கள் வந்து குச்சியை விட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றையிலிருந்து அவள் டேம் உடைச்ச இளஞ்சியம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பையன், யக்கா, டேம் இருக்குல்ல, டிக்கெட் போடலாமா என்பான். அவளும் இருக்குடா இருக்குடா, நீ போடு என்று சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது, முகத்தைத் தூக்கி வைத்தால் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். சிரிப்பாள்தான். அந்தக் கிழவர் மட்டும் நொண்டிக்கொண்டே எதிரில் வரும்போது ஒதுங்கி நின்று வழிவிடுவாள். இன்றைக்கும் வாயைத் திறந்து, அது இவளே கழுவின சுண்ணாம்பாக இருந்தால், அவ்வளவு பெரிய அதிகாரிகள் முன்னால், தான் கழுவின வாளித் தண்ணியைப் பார்த்துத் தானே டேம் உடையுதுன்னு கத்தினவள் என்று பெயர் வாங்கினால் பிறகு பஸ்ஸிலேயே ஏற முடியாது. வேலையும் இருக்காது. சரி, வாயைத் திறக்காமல் இருந்து, அது சுண்ணாம்பாக இல்லாமல் இருந்தால்? அந்தக் கேள்வியை அவள் முடிக்கவில்லை. அதற்குள் மனம் ஓடி, தண்ணீர் வந்தால் பிள்ளையை எந்தக் கையில் தூக்குவது என்பதில் போய் நின்றது. வலது இடுப்பில் வைத்தால் வலது கை போச்சு. இடது இடுப்பில் அவள் உட்கார மாட்டாள், வழுக்குவாள். அங்கன்வாடியில் இவள் பிள்ளை மட்டுமா இருக்கிறது, பதினைந்து இருபது வாண்டுகள், டீச்சர் ஒருத்தி, ஆயாம்மா ஒருத்தி, ரெண்டு பேருக்கும் நாலே இடுப்பு. கேஸ் அடுப்பில் பால் வைத்திருக்கிறோமா, இல்லை, அணைத்துவிட்டுத்தான் வந்தோம். ஆதார் கார்டு பீரோவுக்கு மேலே. என்ன புத்தி இது, பிள்ளையை நினைக்கிற இடத்தில் ஆதார் கார்டு.

மொக்கராசு மேஸ்திரி சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார். அவளுக்குச் சித்தப்பா முறை, இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான், கைப்பிள்ளையோடு வந்து நின்றவளை ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொண்டவர். தொட்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ஏன் தாயி, வாளி கழுவ உனக்கு வேற எடமே கெடைக்கலையா, இந்தா பாரு பால் மாதிரி கெடக்கு என்றார். அவருக்குச் சந்தேகமே இல்லை. இளஞ்சியத்துக்கு அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது, பால் மாதிரி, ஆமாம், பால் என்றுதானே தன்ஷிகாவும் சொன்னாள். இடுப்பிலிருந்தபடியே விரலை நீட்டி, அம்மா பாலு, பாலு ஊத்துது என்றாள். ஊத்துது என்றால் தகட்டு வெட்டிலிருந்து விழுந்திருக்கிறது, விழுந்திருந்தால் மேலேதான் கழுவியிருக்கிறோம், அப்பாடா. மேஸ்திரி அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், கேட்டாங்கன்னா வாளி கழுவுனேன் சார்னு சொல்லிப்புடு, ரெண்டு திட்டு திட்டுவாங்க, வாங்கிக்க, அதோட போச்சு. சரி சித்தப்பா என்றாள். அவர் ஏறிப் போனார். அவர் ஏறிப் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிச்சு திரும்ப விழுந்தது. பாலு ஊத்துது என்று பிள்ளை சொன்னது நேற்றா முந்தாநாளா? முந்தாநாளும் பிள்ளை இடுப்பில்தான் இருந்தாள், முந்தாநாள் படிக்கட்டுக்கு அடித்துவிட்டு மிச்சச் சுண்ணாம்பைப் படியிலேயே கவிழ்த்தோம், அது படிப்படியாக இறங்கியது, அதைப் பார்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். மூன்று நாளும் ஒரே சேலை, ஒரே வாளி, ஒரே மூக்குச்சளி, ஒரே பாட்டு. ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரிக்க ஒரு நூல்கூட இல்லை. பிள்ளையிடம் கேட்டால்? மூன்று வயது முடியாத பிள்ளைக்கு எல்லாமே நேத்துதான், பிறந்ததுகூட நேத்துதான். இப்போது சுண்ணாம்பு என்று நினைத்தால் மேலே கழுவின காட்சி வருகிறது, வாளி, தொட்டிச் சுவர், வெட்டில் வழிகிற வெள்ளை. மண்ணு என்று நினைத்தால் கீழே கழுவின காட்சி வருகிறது, அதே வாளி, ஓடைக்கல், கல்லின் மேல் தன் செருப்பு. ரெண்டும் அச்சடித்த மாதிரி வருகிறது. எதை வேண்டுமோ அதைக் காட்டுகிற மண்டையை வைத்துக்கொண்டு என்னத்தைச் சத்தியம் பண்ணுவது. துடைப்பத்தால் தண்ணீரை ஒரு தள்ளு தள்ளினாள். வெள்ளை விலகவில்லை. வெள்ளைதானா, கொஞ்சம் பழுப்பா? மேகம் வந்தால் பழுப்பு, வெயில் வந்தால் வெள்ளை. வாய்க்காலிலிருந்து வருகிற தண்ணியையாவது பார்ப்போம் என்று நடந்தாள், அதில் விரல் கனத்துக்குத்தான் ஓட்டம், பாசிக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவில் அது எந்த நிறத்திலும் இல்லை. திரும்பி வந்தாள். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் பெரிய அதிகாரி, நரைத்த மீசை, களைப்பான முகம், வழியெல்லாம் எதையோ கேட்டுக்கொண்டும் குறித்துக்கொண்டும் வந்தவர் தொட்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். ஜெனிபர் மேடம் அவருக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள், அவள் கை தொப்பியைக் கழற்றியது. இது என்ன கலர் என்று அதிகாரி கேட்டார். மேஸ்திரி முந்திக்கொண்டார், சுண்ணாம்பு சார், நேத்து வெள்ளையடிச்ச வாளிய இந்தப் பிள்ள இதுல கழுவிருச்சு, நான் அப்பவே சத்தம் போட்டேன் சார். எல்லோருடைய முகமும் கொஞ்சம் இளகியது. இளஞ்சியம் அதைப் பார்த்தாள். அவர்களுக்கும் சுண்ணாம்பு வேண்டும், மேஸ்திரிக்கும் சுண்ணாம்பு வேண்டும், தன்னைவிட யாருக்கு அது அதிகம் வேண்டும், சரி என்று தலையாட்டினால் போதும், ரெண்டு திட்டு, அதோடு போச்சு. நீதான் கழுவுனியாம்மா என்று அவர் கேட்டார். கழுவினது நிஜம்தானே, ஆமா சார் என்றால் அதில் பொய்கூட இல்லை. ஆமா சார் என்றாள். ஜெனிபர் மேடம் அவளுக்கு நேராக வந்து நின்றாள். "அங்கிட்டு கழுவுனீங்களா, இங்கிட்டு கழுவுனீங்களா இளஞ்சியம்?"

இளஞ்சியம் தகட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள். ரெண்டு பக்கமும் வாளி இருந்தது. ரெண்டு பக்கமும் தன்ஷிகா பாடினாள். வாய் திறந்து கிடந்தது, அதிலிருந்து எது வரும் என்று அவளுக்கே தெரியாமல் அவளும் காத்திருந்தாள்.

"ஞாபகம் இல்ல மேடம்."

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பின்னால் யாரோ, இதுதான் சார் அந்த நண்டு வளைக்காரம்மா என்று மெதுவாகச் சொல்ல, ஒருத்தர் கனைத்துச் சிரித்தார். நேத்து நடந்தது ஞாபகம் இல்லையா என்று பெரிய அதிகாரி கேட்டார், கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாக. "பச்சப்பிள்ளைய வச்சிருக்கவளுக்கு நேத்துங்கிறது ரொம்ப தூரம் சார்," என்றாள் இளஞ்சியம், "ரெண்டு பக்கம் கழுவுன மாதிரியும் இருக்கு. எனக்குச் சுண்ணாம்பா இருந்தா நல்லாருக்கும். ஆனா சத்தியமா தெரியல." சொல்லி முடித்துத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டாள். ஜெனிபர் மேடம் அதிகாரியிடம் திரும்பி, அவங்களுக்கே தெரியலைன்னா நாம சுண்ணாம்புன்னு எழுத முடியாது சார் என்றாள். அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு, எறைச்சிரலாம், சுத்தமா தேய்ச்சுட்டுப் புதுசா நெறைய விட்டுப் பார்ப்போம், எல்லாரும் உக்காருங்க என்று சொல்லி முதல் ஆளாக வெள்ளையடித்த கல்லில் உட்கார்ந்தார், சுண்ணாம்பு கால்சட்டையில் ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல். வாய்க்காலை மண் வைத்து அடைத்தார்கள். பஞ்சவர்ணம் மதினியும் அவளும் மாற்றி மாற்றி இறைத்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இளஞ்சியம் உள்ளே இறங்கி, அடியிலும் சுவரிலும் ஒரு பொட்டு இல்லாமல் தேய்த்தாள், தேய்த்ததைக் கழுவி ஊற்றினாள், மறுபடி தேய்த்தாள். சுண்ணாம்பு எல்லாம் போயிரு, எங்க இருந்தாலும் போயிரு, இனிமே வர்றது தெளிஞ்சு வா. வாய்க்கால் அடைப்பை எடுத்ததும் தண்ணீர் வந்து அவள் பாதத்தைத் தொட்டது. சில்லென்று. ஏறி வர மறந்து அவள் அப்படியே நின்றாள், யாரும் ஏறச் சொல்லவும் இல்லை. விரல் மூடியது. மெட்டி ரெண்டும் மூடியது, மூடினாலும் மின்னியது, மின்னுதே, மின்னுதே என்று உள்ளுக்குள் ஒன்று குதித்தது. கணுக்கால் வரை வந்தது. மேகம் இல்லை, நல்ல வெயில். அவள் மெட்டியையே பார்த்தாள், கண் கொட்டினால் போய்விடும் என்பது மாதிரி. கொட்டத்தான் வேண்டியிருந்தது. தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்தபோது ஜெனிபர் மேடம் தொட்டி ஓரத்தில் குந்தியபடி, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கால் தெரியுதா?"

"தெரியல மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. பெரிய அதிகாரி எழுந்து போனை எடுத்தார். ஷட்டரைத் திறந்து தண்ணியை இறக்கணும், மணலும் ஜல்லியும் லாரியில் உடனே வரணும், தாசில்தாருக்குச் சொல்லணும், பயப்படாம ஒவ்வொரு தெருவா கிளப்பி அனுப்பணும் என்று ஒவ்வொன்றாக, அடுக்காக, குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனார். ஜெனிபர் மேடம் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வாய்க்காலை ஒட்டியே கரையடியில் குனிந்து குனிந்து நடந்தாள், எங்கேயிருந்து வருகிறது என்று தேடி. இளஞ்சியம் தொட்டியிலிருந்து ஏறினாள். எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை, மேஸ்திரியின் கை அவள் முழங்கையைப் பிடித்திருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கும் கீழத்தெருவில்தான் வீடு, மருமகள் பிரசவித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. அவர் அவளைத் திட்டுவார் என்று நினைத்தாள்.

"போ தாயி, பிள்ளையத் தூக்கு," என்றார். "அப்படியே அங்கன்வாடிப் பிள்ளைக எல்லாத்தையும் மேட்டுக்கு நடத்திட்டுப் போங்க, டீச்சர்கிட்ட சொல்லு. ஆனா ஓடாம போ. நீ ஓடுனா ஊரே விழுந்தடிச்சு ஓடும்."

அவள் நடந்தாள். ஓடையோரப் பாதையில், ஈரப்பாவாடை காலில் ஒட்ட, கையை வீசாமல், கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். முதல் வீட்டு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, என்ன இளஞ்சியம், டேம் இருக்கா என்று கேட்டாள். இருக்கு, இருக்கு என்றாள். குரல் சிரித்த மாதிரிதான் வந்தது. பாத்திரத்தைப் போட்டுட்டு வா, உன் பிள்ளையும் அங்கதான இருக்கு, சேர்ந்து போய்த் தூக்கிட்டு வருவோம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பொம்பளை எழுந்து கை துடைக்கிற வரைக்கும் நின்றாள். ஓடு ஓடு என்று உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்பும் சொன்னது. நின்றாள். பிறகு ரெண்டு பேரும் நடந்தார்கள்.